ஆளில்லாத நிழல்

முழங்கால் வலிக்காக நான் போகும் கே.கே. நகர் கிளினிக்கில் போன மாதம் புதிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற படம். நம் மதுரை மாதா கோயில், அதன் இரட்டைக் கோபுரங்கள், முன்னால் ரோடு, ரோடு நிறைய ஜனம். பூ விற்கிறவள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வண்டி ஓட்டுகிற பையன் வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை. என் டோக்கன் பதினேழு. உள்ளே போயிருந்தது ஆறு. படத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் என்னவோ போல ஆகிவிட்டது. அவ்வளவு வெயில் அடிக்கிற அந்தத் தெருவில் ஒருத்தருக்குக்கூட நிழல் இல்லை.

ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் எழுந்து வந்து பார்த்தாள். “அட, ஆமா மேடம். கம்ப்யூட்டர்ல பண்ணிருப்பாங்க போல. நான் இம்புட்டு நாளா கவனிக்கவே இல்ல பாருங்க,” என்று சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போய்விட்டாள். அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

எங்கள் வீட்டில் இதே கோயிலின் படம் ஒன்று இருந்தது. அதில் ஆளே கிடையாது. ஒரே ஒரு நிழல் மட்டும் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள்.

கிளினிக் படத்தின் புதுச் சட்டத்திலிருந்து வார்னிஷ் வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்கும் டர்பன்டைன் வாசனைக்கும் பெரிய தூரமில்லை. டர்பன்டைன் என்றால் எனக்கு அத்தாவின் கடை. அப்பாவைத்தான் நாங்கள் அத்தா என்போம். அத்தா வெளி வீதியில் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். மதியம் சாப்பிட வரும்போது அவர் சட்டையோடு கடையும் வீட்டுக்குள் வரும். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டே சோறு போடுவாள். வீடு கடையிலிருந்து நாலு எட்டு. மாதா கோயிலுக்கு நேர் எதிரே, மாடி வீடு. எங்களுக்குப் பள்ளிவாசல் பாங்கும் கோயில் மணியும்தான் கடிகாரம். பன்னிரண்டு மணி அடித்தால் அம்மா உலையை இறக்குவாள், அப்புறம்தான் லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போவாள். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

அந்தக் கடைக்கு டர்பன்டைனும் ஆளிவிதை எண்ணெயும் வாங்க வருகிறவர் சூசை மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேன்ட்டில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் ஒட்டியிருக்கும். அவருடைய தாத்தாவின் அப்பா அந்தக் கோயில் கட்டும்போது சுண்ணாம்பு அரைத்தவராம். அதற்கு முன்னால் அதே இடத்தில் ஒரு சின்ன ஓட்டுக் கோயில் இருந்ததாம். இதையெல்லாம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, நேற்றுத்தான் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொல்வார். ஒருநாள் கேட்டார்.

“பாய், கோயிலு முழுசா தெரியிறது ஒங்க மொட்டமாடிலருந்துதான். ஒரு மாசம் எடம் குடுங்க. ஒங்களுக்கும் ஒண்ணு வரஞ்சு தாரேன்.”

அத்தாவுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. கடையில் சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும்தான் அவருக்கு யோசனை வந்தது. மாடியில் ஒருத்தர் படம் வரைந்தால் தெருவில் போகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்ப்பான். வயசுப்பிள்ளை இருக்கிற வீடு. அந்த வயசுப்பிள்ளை நான்தான். எனக்கு அப்போது இருபது வயது. வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஏதோ பேரழகி என்று நினைத்துவிடாதீர்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத்தான் அதிகம் புகழ்ந்தார்கள். இருந்தாலும் அத்தா உத்தரவு போட்டுவிட்டார்: மாஸ்டர் வேலை முடிகிற வரைக்கும் தெருப்பக்கத்து ஜன்னல்கள் சாத்தியே இருக்க வேண்டும்.

அம்மா மட்டும் முணுமுணுத்தாள். “புழுக்கமா இருக்குமே,” என்றாள். அவளுடைய கவலை புழுக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் காதர் மாமாவைச் சொல்ல வேண்டும்.

காதர் மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்து அத்தாவின் கடையில் வேலை பார்த்தவர். சிரிப்புக்காரர். குடையைக் கையில் பிடிக்க மாட்டார், அதன் வளைந்த கைப்பிடியைச் சட்டைக் காலரில் பின்பக்கம் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். அது முதுகுக்குப் பின்னால் வாலைப் போல ஆடும். ஒருநாள் ஸ்டுடியோவுக்குப் போய்க் கூலிங் கிளாஸ் போட்டு ஒரு போட்டோ எடுத்து, அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிட்டார். எங்கள் வீட்டில் உருவப்படம் வைக்கிற வழக்கமே இல்லை. உருவம் இருக்கிற இடத்துக்கு மலக்குகள் என்கிற வானவர்கள் வர மாட்டார்கள் என்பதில் அத்தா பிடிவாதமாக இருந்தார். கழற்றச் சொன்னார். மாமா மாட்டேன் என்றார். பேச்சு வளர்ந்து, அத்தா அதைக் கழற்றி உடைத்து, போட்டோவை அடுப்பில் போட்டார். “என் மூஞ்சியே ஒங்களுக்கு ஆகலேல்ல மச்சான்?” என்று கேட்டுவிட்டு மாமா இறங்கிப் போனார். “இனி இந்தப் படி ஏறாத,” என்று அத்தாவும் சொல்லிவிட்டார்.

அம்மா மாடி ஜன்னலுக்கு ஓடினாள். நானும் கூடவே ஓடினேன். தெருவில் நின்ற தம்பியைப் பார்த்து, அடக்கிய குரலில் சொன்னாள். “அவுக கடைக்குப் போனதும் ஜன்னலத் தெறந்து வைக்கிறேன். தெறந்திருந்தா வாடா. சாத்தியிருந்தா அவுக இருக்காகன்னு அர்த்தம்.” மாமா தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் காலை அத்தா படியிறங்கியதும் அம்மா ஜன்னலைத் திறப்பாள். மாமா வரவில்லை. கோயம்புத்தூரில் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார், பம்பாய் போய்விட்டார் என்றார் இன்னொருத்தர்.

அந்த ஜன்னல்தான் இப்போது ஐந்து வாரம் சாத்திக் கிடந்தது.

மாஸ்டர் காலை ஒன்பது மணிக்கு மேலே ஏறுவார், பன்னிரண்டு மணி அடித்ததும் இறங்குவார். ஐந்து வாரம் கழித்து அத்தாவுக்கென்று வரைந்ததைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் சாத்தி வைத்தார். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துவிட்டோம். கோயிலின் ஒவ்வொரு வளைவும் அப்படியே இருந்தது. ரோட்டில் ரிக்‌ஷாக்காரர், வெள்ளரிக்காய்க்காரி, அங்கி போட்ட சாமியார், எங்கள் கடைக்கு வரும் கொத்தனார்கள் வரைக்கும் ஆள் அடையாளம் சொல்லலாம். அத்தா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“மாஸ்டர், தப்பா நெனைக்காதீக. கோயிலு இருக்கட்டும், அது கட்டடம். இந்த ஆளுகதான்… எங்க வீட்டுல உருவம் வைக்க மாட்டோம்.”

மாஸ்டர் முகம் சுருங்கியது. ஆனாலும் தூக்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். ஆட்களை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்.

படத்தில் மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. நல்ல காலை வெயில். கோயில் கதவுகள் அகலத் திறந்திருக்கின்றன. ரிக்‌ஷா நடுரோட்டில் நிற்கிறது, ஓட்டுகிறவர் இல்லை. வெள்ளரிக்காய்க் கூடை தரையில் இருக்கிறது, தண்ணீர் தெளித்த ஈரம்கூடக் காயவில்லை, விற்கிறவள் இல்லை. ஒரு சைக்கிள் எதிலும் சாயாமல் நிற்கிறது. அதன் மேல் இருந்தவரை மட்டும் எடுத்துவிட்டுச் சைக்கிளை மாஸ்டர் விட்டுவிட்டார். மேலூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, ஊருல கலவரமா?” என்று அத்தாவைக் கேட்டார். அம்மா, “கியாமத்து நாளு மாதிரில்ல இருக்கு,” என்று சொல்லி, உலகம் முடிகிற அந்த நாளை நினைத்து, அந்தச் சுவர்ப்பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினாள். அத்தாவுக்கு மட்டும் திருப்தி.

அந்த அம்மாதான் ஒரு மாதம் கழித்து, ஒட்டடை அடிக்கும்போது கண்டுபிடித்தாள். “ஏ புள்ள, இங்க வா,” என்று கூப்பிட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. கோயில் மதிலை ஒட்டி, எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், தரையில் ஒரு நிழல் விழுந்திருந்தது. ஆளுடைய நிழல். தலை, தோள், தோளுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு ஒரு கோடு. அந்த நிழல் தொடங்குகிற இடத்தில் யாரும் இல்லை.

“என் தம்பிடீ,” என்றாள் அம்மா. “கொட தொங்குது பாரு.”

அந்தக் காலத்தில் காலரில் குடை மாட்டாத ஆம்பளை மதுரையில் யார் என்று அத்தா கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் அம்மா அன்றிலிருந்து அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. மாஸ்டர் முதலில் தம்பியை வரைந்திருக்கிறார், பிறகு பெயின்ட் பூசி மறைத்திருக்கிறார், சுரண்டினால் அடியில் அவன் இருப்பான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒருநாள் நான் கடைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பியபோது வீடெல்லாம் டர்பன்டைன் வாசனை. அம்மா துணியை நனைத்து, நிழல் தொடங்குகிற இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டு நிறம் கரைந்து வந்தது. அடியில் ஆள் இல்லை. தண்ணீர் இருந்தது. பச்சையும் நீலமுமாக, சின்னச் சின்ன அலையோடு, ஆழமான தண்ணீர். ஆள் நிற்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர்.

அம்மா போட்ட அலறலில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். “தண்ணில போயிட்டானே! எந்தத் தண்ணில விழுந்தானோ, சொல்றானே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை. அத்தா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார், வந்தவர் அந்தத் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அவரே போய் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வெளி ஆம்பளைகள் வந்தால் அம்மா உள்ளறைத் திரைக்குப் பின்னால்தான் நிற்பாள். அன்றும் நின்றாள். மாஸ்டர் தேய்த்த இடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இது அகழித் தண்ணி பாய். பயப்படாதீக. இந்த ரோடு இருக்கிற எடம் பூராம் முந்தி அகழிதான். கோட்டய இடிச்சு, அகழியத் தூத்துத்தான் வெளி வீதி போட்டாக. நான் எப்பவும் முதல்ல இருந்ததப் போட்டுட்டுத்தான் அதுக்கு மேல இப்ப இருக்கிறதப் போடுவேன். பெரிய கோயிலுக்கு அடில சின்ன ஓட்டுக் கோயிலும் இருக்கு. வேணா தேச்சுப் பாருங்க.”

“அப்ப அந்த நெழலு?” என்றார் அத்தா.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். உண்மையிலேயே அவருக்கு அது அப்போதுதான் தெரிந்தது. “அடடா, தப்புப் பண்ணிட்டேன். நான் நெழலத்தான் பாய் முதல்ல போடுவேன். நேரம் போனா நெழலு நகந்துரும், ஆளு எங்க போகப்போறாரு, அப்புறம் போட்டுக்கலாம்னு. இந்த ஆளு நாலஞ்சு நாளு இதே எடத்துல வந்து நின்னாரு, பத்து மணி வாக்குல. நெழலப் போட்டேன். ஆளப் போடறதுக்குள்ள அவரு வர்றத நிறுத்திட்டாரு. நீங்க அழிக்கச் சொன்னப்ப ஒவ்வொரு ஆளாத் தேடித் தேடி நெழலோட சேத்து அழிச்சேன். இவருக்குத்தான் ஆளே இல்லையே. கண்ணுக்கு அகப்படல.”

“எந்தப் பக்கம் பாத்து நின்னாரு?” திரைக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டாள்.

மாஸ்டர் அத்தாவைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். “இந்த வீட்டப் பாத்துத்தான்.”

அம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வேற்று ஆம்பளை முன்னால் அவள் அப்படி வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நேராக அத்தாவிடம் போனாள். “ஜன்னலு சாத்திக் கெடந்துச்சுங்க,” என்றாள். “தெறந்திருந்தா வாடான்னு சொல்லியிருந்தேன். நாலு நாளு நின்னு பாத்துட்டுப் போயிட்டான்.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அத்தா பதிலுக்குக் கத்தியிருப்பார். அவருக்கு அந்த ஜன்னல் ஏற்பாடே தெரியாது. முழுசாகப் புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

பிறகு அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “மாஸ்டர், அந்த ஆளப் போட முடியுமா? உருவம் இருந்தாப் பரவால்ல. இருக்கட்டும். அவன்தானான்னு இவ பாக்கணும்.”

“மேலருந்து பாத்தா தலையும் கொடையும்தான் பாய் தெரியும். மொகம் நான் பாக்கலயே.”

“நாங்க சொல்றோம், நீங்க போடுங்க.”

மாஸ்டர் ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் பென்சிலை எடுத்தார். அப்போதுதான் தெரிந்தது, எங்களில் யாருக்கும் மாமாவின் முகத்தைச் சொல்லத் தெரியவில்லை. போட்டோ ஒன்றும் கிடையாது. அம்மா, மூக்கு எடுப்பாக இருக்கும் என்றாள். அத்தா, சப்பை மூக்கு என்றார். கன்னம் உப்பலா ஒட்டலா என்று இருவரும் சண்டை போட்டார்கள். அடுப்பில் போட்டது தான்தான் என்று நினைத்தாரோ என்னவோ, அத்தா பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். மாஸ்டர் இருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, தன் போக்கில் வரைந்து முடித்துத் தாளை அம்மாவிடம் நீட்டினார். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, நாலு நாள் தாடியோடு ஒரு முகம். அம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். “தெரியலயே,” என்றாள். “எனக்குத் தெரியலயே.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் இரவிலும் சாத்தவில்லை. கொசுவும் மழையும் வந்தன, மாமா வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி நாகமலைப் பக்கம் போனேன், பிறகு கே.கே. நகர் வந்தேன். மாஸ்டர் போனார், அத்தா போனார், அம்மாவும் மவுத்தாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. வீட்டை இடித்துக் கண்ணாடி வைத்த ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். படத்தை என் தம்பி வீட்டுப் பரணில் கரையான் தின்றுவிட்டது. ஊரடங்கின்போது என் வீட்டுக்காரருக்கு ஒரு மாத்திரை அந்தப் பக்கத்துக் கடையில்தான் கிடைத்தது. பாஸ் வாங்கி, ஆட்டோ பிடித்து, பத்து மணிக்குப் போய் இறங்கினேன். கோயிலுக்கு முன்னால் ஒரு ஜீவன் இல்லை. எங்கோ ஒரு தள்ளுவண்டி மட்டும் நின்றது. அந்தப் படத்துக்குள் நான் இறங்கிவிட்டது போல இருந்தது. மதிலோரம் ஒரு நிழல் தெரிந்து பகீரென்றது. என்னுடையதுதான். மாத்திரை வாங்காமலே ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது ஒன்று இருக்கிறது. மாஸ்டர் மாடியில் வரைந்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள், புழுக்கம் தாங்காமல், அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, நான் ஜன்னலை ஒரு சாண் திறந்தேன். எதிரே மதிலோரம் ஒரு ஆள் நின்றுகொண்டு நேராக என்னையே பார்த்தார். தாடி, குழிந்த கண், அழுக்குச் சட்டை. திறந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ரோட்டில் ஒரு எட்டு எடுத்து வைத்தார். நான், எவனோ பொறுக்கி என்று நினைத்து, ஜன்னலைப் படாரென்று அவர் முகத்துக்கு நேரே சாத்தினேன். சிரித்துச் சிரித்துக் குண்டுக் கன்னத்தோடு இருந்த மாமாவை எனக்கு அதில் தெரியவில்லை. அடுத்த நாள் அந்த ஆள் வரவில்லை.

மாஸ்டர் வரைந்தது அந்த முகத்தைத்தான். பார்க்கவே இல்லை என்று சொன்ன மனுஷர் எப்படி வரைந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு, தெரியலயே என்று சொன்ன கையோடு அம்மா தாளை என் பக்கம் திருப்பினாள். “நீயாச்சும் சொல்லு. இது ஒன் மாமாவா?” என்றாள். ஆமாம் என்றால் ஜன்னலைச் சொல்ல வேண்டும். “இல்லம்மா. இது யாரோ,” என்றேன்.

அம்மா மாஸ்டரிடம் ரப்பரை வாங்கித் தன் கையாலேயே அழித்தாள். நெற்றி, கண், கன்னம் என்று மேலிருந்து கீழாக, தாள் கசங்காமல் பொறுமையாக அழித்தாள். அழித்து முடித்துத் தாளை ஊதினாள். ரப்பர் தூள் என் மடியில் வந்து விழுந்தது. எங்கள் வீட்டில் மாமாவென்று மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். நான் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.